செம்பேனைச் சிலையாக்குவோர்

2023ஆம் ஆண்டில், செனகல் நாட்டு நாவலாசிரியரும் திரைப்பட நெறியாளருமான உஸ்மான் செம்பேன் பிறந்து நூறாண்டுகள் நிறைவெய்தின. மேலை நாட்டு நகரங்களில் அவருடைய படங்கள் மீண்டும் திரையேறின. பழுதடைந்திருந்த படச்சுருள்கள் செப்பனிடப்பட்டன. அவரைப் பற்றிக் கட்டுரைகள் பல வெளிவந்தன. அவற்றுட் பல, சொல்லிவைத்தாற்போல், 'ஆபிரிக்க சினிமாவின் தந்தை' என்ற தொடரோடு தொடங்கின.

பட்டம் பொய்யானதென்று நாம் கூறவில்லை. ஆயினும் அதைச் சூட்டுவோர் யார், சூட்டும்போது எதை மறைக்கின்றனர் என்று கேட்டே ஆகவேண்டும். தந்தை என்றால் வயோதிபர், வணங்கத்தக்கவர், முன்விறாந்தையிற் படமாகத் தொங்குபவர். அவரோடு எவரும் வாதிடுவதில்லை. அவர் சொன்னதைக் கேட்பதுமில்லை. செம்பேன் தம் வாழ்நாள் முழுவதும் யாரோடு சண்டையிட்டாரோ, அவர்களுடைய வாரிசுகளே இன்று அவருக்கு மாலை சூட்டுகின்றனர். துறைமுகத் தொழிலாளியான செம்பேனை, தொழிற்சங்கவாதியான செம்பேனை, பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சி அங்கத்தவரான செம்பேனை வாழ்க்கைக் குறிப்பின் மூன்றாவது வரியிலே போட்டுவிட்டு, நான்காம் வரியில் 'மனிதாபிமானி' என்று எழுதி முடிக்கின்றனர்.

இதிலே ஒரு வேடிக்கையுண்டு. செம்பேனின் முதல் நாவலான 'கறுப்புத் துறைமுகத் தொழிலாளி' 1956இல் வெளிவந்தது. மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் ஆபிரிக்கன் ஒருவன் இரவிரவாக நாவல் எழுதுகிறான். அதைப் பதிப்பிக்கத் தருவதாகப் பெற்றுக்கொண்ட பிரெஞ்சு எழுத்தாளர் அம்மையார், தம் பெயரிலேயே வெளியிட்டுப் பரிசும் புகழும் பெற்றுவிடுகிறார். உழைப்பாளி எழுதியதைக் களவாடும் மேட்டுக்குடியைப் பற்றி நாவல் எழுதிக்கொண்டு இலக்கிய உலகிற் புகுந்த மனிதருக்கு, அவருடைய நூற்றாண்டில் நேர்ந்திருப்பதும் ஏறக்குறைய அதுவேதான்.

அவருடைய வாழ்க்கையை 'ஏழ்மையிலிருந்து உயர்ந்த மேதை' என்ற பழைய அச்சில் வார்ப்போர் பலர். செய்திகள் என்னவோ உண்மையே. 1923இல் தென் செனகலின் கசமான்ஸ் பகுதியிலுள்ள சிகின்ஷோர் நகரிலே மீன்பிடிகாரர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். வெள்ளைத் தலைமையாசிரியர் அடித்தபோது திருப்பி அடித்தமையால் அவருடைய பாடசாலைப் படிப்பு முடிவுற்றது. தந்தையோடு கடலுக்குப் போனார். கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டக்காருக்குச் சென்று மேசன் வேலை முதலாகக் கிடைத்த கைத்தொழில்களையெல்லாம் செய்தார். 1944இல் பிரெஞ்சுக் குடியேற்ற இராணுவத்திற் சேர்க்கப்பட்டார். யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில் கப்பலேறிப் பிரான்சுக்குச் சென்று, முதலிலே மோட்டார் தொழிற்சாலையிலும் பின்னர் மார்செய் துறைமுகத்திலும் உழைத்தார்.

இவ்விடத்தில் மேதைக்கதை எழுதுவோர் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். மார்செயில் அவர் மேதையாகக் கண்டுபிடிக்கப்படவில்லை, தொழிற்சங்கத்திற் சேர்ந்தார். சி.ஜி.டி. சங்கத்தின் உறுப்பினராகவும் பின்னர் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினராகவும் ஆனார். இந்தோசீன மக்களுக்கெதிரான யுத்தத்திற்கு ஆயுதம் ஏற்ற மறுத்து அத்துறைமுகத் தொழிலாளர் நடத்திய போராட்டத்திலே அவரும் நின்றார். சுமை இறக்கும்போது நேர்ந்த விபத்தில் முதுகெலும்பு முறிந்து நெடுநாள் படுக்கையிற் கிடந்தார். பழைய பாரச்சுமை இனி இயலாது என்றான பின்னர் புத்தகங்களை வெறிகொண்டு படித்தார். அவருக்கு வாசிக்கக் கற்பித்த பல்கலைக்கழகம் தொழிற்சங்க நூலகமும் கட்சி வகுப்புகளுமே. பாடசாலை துரத்திவிட்ட பிள்ளையைத் தொழிலாளர் இயக்கம் எடுத்து எழுத்தாளனாக்கியது. இதனை அழித்துவிட்டால் செம்பேன் என்ற எழுத்தாளர் எங்கிருந்து வந்தார் என்பதே விளங்காது போய்விடும். தனிமனித மேதைமை என்ற கட்டுக்கதைக்கு அந்த விளக்கமின்மை வசதியானது, ஆகவேதான் அழிக்கப்படுகிறது.

இரண்டாவது நாவல் 1957இல் வந்தது. பிரான்சிலிருந்து வெள்ளைக்கார மனைவியுடன் ஊர் திரும்பும் வாலிபன் கமக்காரரை ஒன்றுதிரட்ட முனைந்து கொல்லப்படும் கதை. ஆர்வமிகுதியும் கற்பனாவாதமும் விரவிய நூல். அதனைக் கடந்துபோகலாம்.

கடந்துபோக முடியாதது 1960இல் வெளிவந்த 'கடவுளின் மரத்துண்டுகள்'. டக்காரையும் நைஜர் ஆற்றங்கரையையும் இணைத்த புகையிரதப் பாதையிலே 1947 ஒக்டோபர் 10ஆந் திகதி தொடங்கி 1948 மார்ச் 19ஆந் திகதிவரை ஆபிரிக்கத் தொழிலாளர் நடத்திய மாபெரும் வேலைநிறுத்தமே அதன் பொருள். வெள்ளைத் தொழிலாளருக்கு வழங்கிய நிபந்தனைகளைத் தமக்கும் வழங்குமாறு அவர்கள் கேட்டனர். ஐந்து மாதங்களுக்கு மேலாக நின்றனர். செம்பேன் இதனைத் தலைவனொருவனின் வீரகாதையாக எழுதியிருக்கலாம். உண்மையிலே இப்ராஹிமா சார் என்ற தலைவர் இருந்தார். நாவலிலோ, தலைவனாகிய பக்காயோக்கோ நூலின் பெரும்பகுதியில் நேரிலே தோன்றுவதேயில்லை. பமாக்கோ, தியேஸ், டக்கார் என்ற மூன்று நகரங்களின் முற்றங்களிலே, தண்ணீர்க் குழாய் பூட்டப்பட்ட தெருக்களிலே, அரிசி தீர்ந்த குசினிகளிலே கதை நடக்கிறது. இறுதியில் தியேசிலிருந்து டக்கார்வரை கால்நடையாக நடப்பவர்கள் பெண்கள். 'மரத்துண்டுகள்' என்ற பெயர்கூட மக்களுடையதே. உயிருள்ள மனிதரை எண்ணினால் ஆயுள் குறையும் என்றஞ்சி, தலைகளை மரத்துண்டுகள் என்று சொல்லி எண்ணும் வழக்கம் அவ்வூரில் உண்டு.

அந்நாவலில் வரும் இரு சம்பவங்களை வாசகர் மனங்கொள்ள வேண்டும். கம்பனி அதிகாரிகளோடு பேச்சுவார்த்தை நடக்கும்போது பக்காயோக்கோ பிரெஞ்சிலே பேசுகிறான். பேசுமுன் அதற்கு ஒரு காரணமும் சொல்கிறான்: எங்கள் மொழிகளில் ஒன்றுகூட உங்களுக்குத் தெரியாது, ஆகவே உங்கள் குறையை எண்ணி மரியாதைக்காகப் பிரெஞ்சிலே பேசுகிறோம், இது என்றென்றும் நீடிக்காது என்ற கருத்துப்பட. பின்பு டக்காரில் நடக்கும் பெருங்கூட்டத்தில், பிரமுகர்கள் பிரெஞ்சிலே பேசி ஓய்ந்த பிறகு, அவன் எழுந்து முதலிலே வொலோஃப் மொழியிலும் தொடர்ந்து ஏனைய ஆபிரிக்க மொழிகளிலும் பேசுகிறான். கூட்டம் அப்போதுதான் அசைகிறது.

இப்படியொரு காட்சியை எழுதிய நாவலோ பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டுப் பாரிஸில் அச்சிடப்பட்டது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருட் பெரும்பாலோர் அதனை வாசிக்கவியலாதவர். அவர்களுடைய தாய்மாரும் மனைவியரும், அந்த நூலின் உண்மையான கதாநாயகிகள், ஒருபோதும் வாசிக்கப்போவதில்லை. செம்பேன் 1960இல், செனகல் சுதந்திரமடைந்த அதே ஆண்டில், ஆபிரிக்காவுக்குத் திரும்பி, கொங்கோ உட்படப் பல நாடுகளைச் சுற்றிப் பார்த்தபோது இந்த முரண்பாடு அவரை முகத்திலறைந்தது. மக்களைப் பற்றி எழுதுகிறோம் என்று பெருமை கொள்ளும் எழுத்தாளர் யாவரையும் ஒருநாள் அறையவேண்டிய உண்மை அது. நம்மிற் பலர் அந்த அறையை வாங்கிக்கொண்டு, 'காலப்போக்கில் மக்கள் கல்வி பெறுவர். அப்போது வாசிப்பர்' என்று ஆறுதல் தேடிக்கொள்கிறோம். செம்பேன் அவ்வாறு ஆறுதல் தேடவில்லை. நாற்பது வயதை எட்டும் தறுவாயில், புகழ்பெற்ற நாவலாசிரியராக இருந்தும், மாணவனாகி மொஸ்கோவுக்குச் சென்றார். அங்கு கோர்க்கி படப்பிடிப்பகத்தில் மார்க் தொன்ஸ்கோயிடம் 1962-63இல் திரைப்படத் தொழில் கற்றார். சினிமாவை அவர் இராப்பள்ளிக்கூடம் என்று அழைத்ததன் பொருள், பகற்பள்ளியால் துரத்தப்பட்ட அவருடைய வரலாற்றை அறிந்தோர்க்கு நன்கு விளங்கும்.

இங்கேதான் நம் 'தூய இலக்கிய' அன்பர்கள் முகஞ்சுளிக்கின்றனர். நாவலென்ற உயர்ந்த கலையிலிருந்து சினிமாவென்ற கேளிக்கைக்கு இறங்கிவிட்டாராம். இறங்கினார் என்பது சரிதான். மேட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்குவதுபோல. ஆனால் கலையைக் கைவிட்டார் என்பது அபாண்டம். சினிமாவுக்கு வந்தபின்னரே 'காசுக்கட்டளை' என்ற குறுநாவலை எழுதினார். 1973இல் 'சாலா', 1981இல் 'பேரரசின் கடைசி மனிதன்' ஆகிய நாவல்கள் வந்தன. பின்னதில் அரசியல் உரையாடல் அளவுக்கு மிஞ்சியது என்பது என் கணிப்பு. அதற்காக முன்னதன் கூர்மை மழுங்கிவிடாது.

அவர் தொடங்கிய காலத்து நிலைமையை அறியாமல் அவருடைய படங்களை எடைபோடுவது நியாயமாகாது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அரசின் அனுமதியின்றி எவரும் படம் பிடிக்கலாகாது என்று 1934இல் லவால் கட்டளை விதித்திருந்தது. 1955இல் போலின் வியேராவும் நண்பர்களும் தங்கள் குறும்படத்தைத் தாய்நாட்டிலே எடுக்கவியலாமற் பாரிஸ் தெருக்களில் எடுக்க நேர்ந்தது. சுதந்திரம் வந்தபின்னரும் படமாளிகைகளுக்குப் படம் வழங்கும் உரிமை இரண்டு பிரெஞ்சுக் கம்பனிகளின் கைக்குள் இருந்தது. ஆபிரிக்கன் தன் தெருவிலே தன் முகத்தைத் திரையிற் காண்பதற்குப் பாரிஸிலே ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது.

1963இல் வெளிவந்த 'வண்டிக்காரன்' இருபது நிமிடம் அளவிலான படம். குதிரைவண்டி ஓட்டிப் பிழைப்பவன், தன் போன்றோர் நுழைய விலக்கப்பட்ட மேட்டுப் பகுதிக்கு ஒரு பயணியை ஏற்றிச் சென்று, பொலிஸ்காரனிடம் வண்டியைப் பறிகொடுத்து வெறுங்கையோடு திரும்புகிறான். 1966இல் முழுநீளப் படமான 'கறுப்புப் பெண்' வந்தது. பத்திரிகையில் வந்த உண்மைச் செய்தியொன்றே அதன் வித்து. டியுவானா என்ற பெண் பிள்ளை பார்க்கவென்று டக்காரில் அமர்த்தப்பட்டு, பிரான்சின் அந்தீப் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அங்கே சமையலுக்கும் துடைப்புக்கும் அடைபட்டுப்போகிறாள். கடற்கரை நகரத்தில் அவள் காண்பது குசினியும் குளியலறையும் மட்டுமே. அந்தக் குளியலறையிலேயே தன்னுயிரைப் போக்கிக்கொள்கிறாள். பிரான்சின் ழான் விகோ பரிசு இப்படத்திற்குக் கிடைத்தது.

புகழுரைகள் சொல்லாத ஒரு குறையை நாம் சொல்லிவிடுவோம். எழுத்தறிவற்ற டியுவானாவின் உள்ளக்குரல் படம் முழுவதும் செம்மையான பிரெஞ்சிலே ஒலிக்கிறது. அக்குரல் நடித்த பெண்ணுடையதுகூட அன்று. எசமானியின் மொழியால் நசுக்கப்பட்டவள் அதே மொழியிற் சிந்திக்கிறாள்! அடுத்த படத்திலேயே செம்பேன் இந்தத் தவற்றைத் திருத்தினார் என்பதே அவருடைய பெருமை.

அந்த அடுத்த படம், 1968இல் வந்த 'மண்டாபி'; காசுக்கட்டளை என்று பொருள். இப்ராஹிமா டியேங் வேலையற்றவன். இரு மனைவியர், ஏழு பிள்ளைகள். தொழுகை தவறாத, சற்றே தற்பெருமை கொண்ட நடுத்தர வயதினன். பாரிஸிலே தெருக்கூட்டும் மருமகன் இருபத்தையாயிரம் பிராங்குக்குக் காசுக்கட்டளை அனுப்புகிறான். அதில் டியேங்கிற்கு உரியது இரண்டாயிரம் மாத்திரமே, மூவாயிரம் பையனின் தாய்க்கு, எஞ்சியது சேமித்துவைக்க. கடுதாசி வந்த செய்தி கேட்டதுமே மனைவியர் கடையிற் கடனுக்கு அரிசி வாங்கிவிடுகின்றனர். அயலவர் கடன் கேட்டு வாசலில் நிற்கின்றனர். தபாற்கந்தோரில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும், நிழற்படம் வேண்டும், முத்திரை வேண்டும். பிறந்த திகதி எவருக்கும் தெரியாது. நிழற்படக்காரன் காசை வாங்கிக்கொண்டு படமும் கொடாமல் மூக்குடைத்து அனுப்புகிறான். ஒவ்வொரு கந்தோரிலும் ஒரு படிவம். ஒவ்வொரு படிவமும் பிரெஞ்சிலே. ஈற்றில், பிரெஞ்சு உடையணிந்த படித்த உறவினன் ஒருவன், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையொப்பம் வாங்கிப் பணத்தை விழுங்கிவிடுகிறான்.

தனக்கு விளங்காத மொழியிலே வந்த அரசாங்கக் கடுதாசியைக் கையிற் பிடித்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்த எவருக்கும் இப்படத்திற்கு வியாக்கியானம் தேவைப்படாது. இந்நாட்டிலே அத்தகையோர் பலர் உளர். எனவே நான் இதனை விரிக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க. டியேங்கைச் செம்பேன் அப்பாவியாகச் சித்திரிக்கவில்லை. அவன் மனைவியரை அதட்டுகிறான், ஊதாரித்தனம் உண்டு, கண்ணியத்தின் பேராற் பொய்யும் சொல்கிறான். வெள்ளைக்காரனோ படத்திலே வில்லனாக வருவதில்லை. டியேங்கை உரிப்பவர்கள் எல்லோரும் அவன் நிறத்தவர், அவன் மதத்தவர், அவன் மொழியினர். சுதந்திரம் கிடைத்து எட்டாண்டுகளில் ஒருவன் இதனைத் தன் நாட்டு மக்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே சொன்னான். அவன் வெறும் 'மனிதாபிமானி' தானா?

இப்படம் வொலோஃப் மொழியிலே பேசிற்று. பணம் பிரான்சிலிருந்து வந்தமையால், பிரெஞ்சு மொழியிலும் ஒரு பிரதி எடுக்கவேண்டியதாயிற்று. ஒரே காட்சியை அதே நடிகரைக்கொண்டு இருமுறை, இரு மொழியிலே எடுத்தார். இருமொழிப் புலமை பற்றி இனிக்க இனிக்கப் பேசுவோர் இந்த விபரத்தை எண்ணிப்பார்க்கட்டும். செம்பேனுக்கு இருமொழி என்பது இரண்டு பூந்தோட்டங்களில் மாறி மாறி உலாவும் இன்பமாக இருக்கவில்லை. ஒன்று காசு தருபவனின் மொழி. மற்றையது படம் பார்க்க வேண்டியவனின் மொழி. வெனிஸ் விழாவிலே படம் பரிசு பெற்றது. ஆனால் வொலோஃப் மொழி திரையிலே கேட்டபோது தம் நாட்டுச் சனங்கள் அடைந்த பரபரப்பே அவருக்கு வழிகாட்டிற்று. அதன்பின் திரையிலே அவர் மக்கள் மொழிகளை விட்டு விலகவில்லை. 1971இல் எடுத்த 'எமித்தாய்' தியோலா மொழி பேசிற்று. அக்காலத்திலேயே பாத்தே தியாஞ் என்ற மொழியியல் அறிஞருடன் சேர்ந்து 'கத்து' என்ற வொலோஃப் மொழிப் பத்திரிகையையும் தொடங்கினார். 'சொல்' என்பது அப்பெயரின் பொருள்.

இனி 'சாலா'வுக்கும் 'செத்தோ'வுக்கும் வருவோம். செம்பேனைத் தந்தையாக்குவோர் மிகவும் சங்கடப்படும் இடம் இதுதான்.

'சாலா' 1975இல் படமாயிற்று. தொடக்கத்திலேயே ஆபிரிக்க வர்த்தகர்கள் வணிகர் மன்றத்திலிருந்து வெள்ளையரை வெளியேற்றுகின்றனர், வெளியே கொண்டாட்டம். சற்று நேரத்தில் அதே வெள்ளையர் கைப்பெட்டிகளோடு திரும்பி வருகின்றனர். பெட்டிகள் திறக்கப்படுகின்றன, உள்ளே காசு. கதாநாயகனான வர்த்தகன் மூன்றாந்தாரம் கட்டிய அன்றிரவே ஆண்மை இழந்துபோகிறான். தன் காரைக் கழுவுவதற்கும் பிரான்சிலிருந்து வந்த போத்தல் தண்ணீர் கேட்கும் பேர்வழி அவன். மகள் வொலோஃபிலே பேசினால் எரிந்துவிழுகிறான். கடைசியில் மன்றத்திலிருந்து விலக்கப்படும் வேளையில் தன் தாய்மொழியிலே வாதாட வாயெடுக்கிறான், அதற்கு அனுமதியில்லை. பூர்ஷுவாக் கும்பல் தன்னவனைத் தண்டிப்பதற்கும் பிரெஞ்சே வேண்டும்! செனகல் தணிக்கையாளர் கத்தரிக்கோலோடு வந்ததில் வியப்பில்லை. பல இடங்கள் வெட்டுண்டன.

'செத்தோ' 1977இல் வந்தது. இஸ்லாமும் கிறிஸ்தவமும் அடிமை வியாபாரமும் ஒருங்கே ஊருக்குள் நுழைந்த காலத்தில், மதமாற மறுத்து நின்ற சாதாரண சனங்களைப் பற்றியது. அவர்களுக்கே செத்தோ என்று பெயர். இறுதியில் இளவரசி, ஆட்சியைக் கைப்பற்றிய இமாமைச் சுட்டுக்கொல்கிறாள். பெரும்பான்மையோர் முஸ்லிம்களாக வாழும் நாட்டில், மௌலவிமாரின் செல்வாக்கிலே தங்கியிருந்த அரசொன்று இதனை விரும்பியிருக்க முடியாது. ஆயின் தடைக்கு அவ்வரசு வெளியே சொன்ன காரணம் என்ன தெரியுமா? எழுத்துப் பிழை! அரசாங்க விதிப்படி 'செத்தோ' என்ற சொல்லில் நடுமெய் ஒன்றே வரவேண்டுமாம். செம்பேன் இரண்டு போட்டுவிட்டாராம். அவர் ஓர் எழுத்தையும் நீக்க மறுத்தார். படம் தாய்நாட்டிலே தடைப்பட்டுக் கிடந்தது. செங்கோர் பதவியிலிருந்த காலம் முழுவதும் அங்கே வெளியிடப்படவில்லை. பின்னர் செம்பேன் தம் இல்லத்திற்கே 'செத்தோவின் வீடு' என்று பெயரிட்டார்.

இலெயோபோல்ட் செங்கோர் சாதாரண சர்வாதிகாரியல்லர். சிறந்த கவிஞர், பிரெஞ்சு இலக்கணத்திலே உயர்பட்டம் பெற்றவர், கறுப்பினப் பண்பை உலகரங்கிலே புகழ்ந்து பாடியவர், 1983இலே பிரெஞ்சு அக்கடமிக்கு உறுப்பினராகத் தெரிவானவர். அவருடைய ஆட்சியிலே கறுப்பு முகமூடிகளுக்கும் நடனங்களுக்கும் விழா எடுக்கப்பட்டது. கறுப்பு மனிதனின் மொழி கந்தோருக்குள் நுழைய இடமிருக்கவில்லை. வொலோஃப் மொழியை எப்படி எழுதவேண்டும் என்று கட்டளையிட்ட அரசு, அம்மொழியிற் படிவம் ஒன்றையாவது அச்சிட்டு டியேங்கிடம் கொடுத்ததா? பண்பாட்டின் தொன்மையை வானளாவப் புகழ்ந்துகொண்டே அப்பண்பாட்டுக்குரிய மக்களை வாசலுக்கு வெளியே நிறுத்தும் வித்தை செனகலுக்கு மட்டும் உரியதென்று நான் கருதவில்லை.

எதிர்த்திசையிலிருந்து வரும் கண்டனம் ஒன்றும் உண்டு, அது நேர்மையானது. கென்யாவின் நுகுகி வா தியாங்கோ ஆங்கிலத்தை உதறிவிட்டுச் சிறைக்குள்ளிருந்தே கிக்கூயு மொழியில் நாவல் எழுதினார். 1980இல் அது வெளிவந்தது. செம்பேனோ, மக்கள் மொழியிலே படமும் பத்திரிகையும் நடத்திக்கொண்டே, நாவல்களை இறுதிவரை பிரெஞ்சிலே எழுதினார். இது முரண்பாடில்லையா? முரண்பாடுதான். அவருடைய பக்தர்கள் செய்வதுபோல இதனைப் பூசிமெழுகவேண்டியதில்லை. வொலோஃபிலே ஒரு முழு நாவலை அவர் எழுதியிருந்தால், அடுத்த தலைமுறைக்கு அது எத்தகைய ஊன்றுகோலாக இருந்திருக்கும்! ஆனால் கண்டனக்காரர் ஒன்றை மறக்கின்றனர். 1960களின் டக்காரில் வொலோஃப் நூலை வாசிக்கக்கூடியவர், பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவரினும் மிகக் குறைவு. பாடசாலை அம்மொழியைக் கற்பிக்கவில்லை. நுகுகி எழுத்தின் மூலம் உடைக்க முயன்ற கதவைச் செம்பேன் பேச்சின் மூலம் உடைக்க முனைந்தார். படச்சுருளைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்றார், திரையிட்டார், முடிந்தபின் அங்கேயே நின்று சனங்களோடு வாதாடினார். எந்தப் பரிசளிப்பு விழாவிலும் அவருக்கு அந்த வாதம் கிடைத்திராது.

காசுதான் இறுதிவரை அவர் கழுத்திலே சுருக்கு. எந்த ஏகாதிபத்தியத்தை எதிர்த்தாரோ அதனுடைய திணைக்களங்களிலேயே விண்ணப்பம் நீட்டவேண்டியிருந்தது. இதனைச் சுட்டிக்காட்டி, 'பார்த்தீர்களா, அவரும் பிரெஞ்சுக் காசு தின்றவர்தானே' என்று கெக்கலிப்போருக்கு விடை, 1988இல் அவர் தியேர்னோ ஃபாத்தி சோவுடன் இணைந்து நெறிப்படுத்திய 'தியாரோய் முகாம்'.

டக்காருக்கு அண்மையிலுள்ளது தியாரோய். பிரான்சுக்காக ஹிட்லரோடு போரிட்டு, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்டுவந்த மேற்காபிரிக்கப் படைவீரர்கள் அங்கே நிறுத்திவைக்கப்பட்டனர். தமக்குச் சேரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்டனர். 1944 டிசம்பர் 1ஆந் திகதி காலை பிரெஞ்சு இராணுவம் அவர்களைச் சுட்டது. செங்கோரும் அந்நாட்களிலே இறந்தவர்களைப் பாடி ஒரு கவிதை எழுதினார். அதைச் சொல்லாது விடுவது நியாயமன்று. ஆனால் அவருடைய நீண்ட ஆட்சிக்காலத்திலே அந்தப் பிணக்கணக்கைப் பிரான்சிடம் கேட்டு வாங்கவில்லை. செம்பேனின் படத்திற்குச் செனகல், அல்ஜீரியா, துனீசியா ஆகிய மூன்று ஆபிரிக்க நாடுகளே பணமும் தொழில்நுட்பமும் வழங்கின. பிரான்சின் சதமொன்றும் அதிற் சேரவில்லை. படத்திலே பல இனத்துப் படைவீரர் தமக்குள் பேசிக்கொள்வது இராணுவம் கற்பித்த கொச்சைப் பிரெஞ்சிலே. கட்டளைக்குக் கீழ்ப்படிவதற்குப் போதுமான அளவுக்கு மட்டும் எசமானன் கொடுத்த மொழி அது. அதை வைத்துக்கொண்டே அவர்கள் கூட்டம் கூடுகின்றனர், தலைவர்களைத் தெரிகின்றனர், ஜெனரலைச் சிறைவைக்கின்றனர். புக்கன்வால்ட் முகாமிலிருந்து மீண்டு பேச்சிழந்த ஒருவன் மட்டும், காவற்கோபுரத்தைக் கண்டு, வரப்போவது என்னவென்று முன்கூட்டியே அறிந்துகொள்கிறான். அவனால் அதை எந்த மொழியிலும் சொல்ல முடியவில்லை.

வெனிஸ் விழாவிலே படத்திற்கு விசேட பரிசு வழங்கப்பட்டது. பிரான்சின் படமாளிகைகளிலோ ஏறக்குறையப் பத்தாண்டுகள் அதற்கு இடம் கிடைக்கவில்லை. சுதந்திரமான கலையின் தாயகம் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் தேசம் அது!

செம்பேன் ஓயவில்லை. 2004இல், எண்பதைத் தாண்டிய வயதில், புர்க்கினா பாசோவின் சிற்றூரொன்றிலே 'மோலாதே'யை எடுத்தார். பெண்பிள்ளைகளின் உறுப்பைச் சிதைக்கும் சடங்கிற்கு அஞ்சி ஓடிவந்த சிறுமியருக்கு ஒரு பெண் அடைக்கலம் கொடுக்கிறாள். ஊர் ஆடவர், பெண்கள் கெட்டுப்போனதற்கு வானொலியே காரணமென்று கண்டு, வீட்டுக்கு வீடு வானொலிப் பெட்டிகளைப் பறித்துப் பள்ளிவாசல் முன்பாகக் குவித்துக் கொளுத்துகின்றனர். மரபு என்றும் பண்பாடு என்றும் பெயர் சூட்டினால் எந்தக் கொடுமையும் கேள்விக்கப்பாற்பட்டதாகிவிடும் என்ற எண்ணத்தை, அதே பண்பாட்டுக்குள் நின்று, அதே மொழியிலே எதிர்த்த படம் இது. செம்பேன் 2007 ஜூன் 9ஆந் திகதி டக்காரிலே காலமானார்.

தியாரோயில் நிகழ்ந்தது படுகொலையே என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மக்ரோன் எழுத்திலே ஒப்புக்கொண்டது 2024 நவம்பரில். எண்பது ஆண்டுகளின் பின்னர். செம்பேனின் நூற்றாண்டு விழாக்கள் ஓய்ந்த மறு வருடம். இறந்தோர் முப்பத்தைந்து பேர் என்று அன்றைய இராணுவம் கணக்கெழுதிற்று. நூற்றுக்கணக்கானோர் என வரலாற்றாய்வாளர் வாதிடுகின்றனர். நூற்றாண்டுக் கட்டுரைகளை எழுதியோர், தங்கள் 'தந்தை' 1988இலேயே திரையிற் போட்டுக்காட்டிய அந்த முகாமின் முழு ஆவணங்களையும் திறந்துவிடுமாறு, கையொப்பமிட்டு ஒரு விண்ணப்பமேனும் எழுதலாமே.